சொல்லின் வால்

1991ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருந்தோம். நான் பதினொன்றாம் வகுப்பு. தம்பி மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு வகுப்பு எண் கிடையாது. பகலெல்லாம் கடலைக்காட்டில் வேலை செய்துவிட்டு, இருட்டியபின் மாரியம்மன் கோயில் திண்ணையில் அரிக்கேன் விளக்கின்முன் வந்து அமர்வார். புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும் அறிவொளி இயக்கம் பரவியிருந்த காலம் அது. ஊருக்கு ஊர் பெண்கள் சிலேட்டைத் தூக்கினார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கற்பித்தவர்கள் ஊதியம் வாங்காத தொண்டர்கள். அவர்களில் நானும் ஒருத்தி. என் வகுப்பில் இருந்த பதினான்கு பேரில் அம்மாவும் ஒருவர். மற்றவர்கள் முன்னிலையில் அவர் என்னை 'டீச்சர்' என்றுதான் அழைப்பார். வீட்டுக்கு வந்தபின், 'என்னடி, இவ்வளவு வேகமா சொல்லிக் கொடுக்கிற?' என்று கடிந்துகொள்வார்.

எழுத்துகளை அம்மா விரைவிலேயே பிடித்துக்கொண்டார். 'படி', 'மாடு', 'கடலை' போன்ற சொற்கள் அவருக்கு எளிதாகிவிட்டன. சிக்கல் நீண்ட சொற்களில்தான் இருந்தது. ஒருநாள் பாடத்தில் 'நடந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்றொரு சொல் வந்தது. மொத்தம் 16 எழுத்துகள். விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போன அம்மா, 'ளு' என்ற இடத்தை அடைந்தபோது நின்றுவிட்டார். கடைசி எழுத்துகளுக்கு வருவதற்குள் முதல் எழுத்துகள் மனத்தைவிட்டு நழுவிவிட்டன. 'இதுக்கு வாலு ரொம்ப நீளம் தாயி. தலையப் பாத்தா வாலு மறக்குது, வாலப் பாத்தா தலை மறக்குது' என்றார்.

எனக்கு வியப்பாக இருந்தது. இதைவிட நீளமான சொற்களை அம்மா நாள் முழுவதும் பேசுகிறவர். 'நடந்துக்கிட்டிருந்தவங்களுக்கு' என்று மூச்சுவிடாமல் சொல்வார். இடையில் ஓர் உறுப்பும் இடம் மாறாது. நட என்னும் வினை, அது முடியாமல் தொடர்ந்ததைக் காட்டும் கிட்டு, அது நேற்றைய செய்தி என்று காட்டும் இருந்த, செய்தவர் பலர் என்னும் குறிப்பு, இறுதியில் குவ்வுருபு. இவ்வளவையும் வரிசை பிசகாமல் கோத்துப் பேசத் தெரிந்தவருக்கு, அதே கோவை தாளில் வரும்போது அடையாளம் தெரியவில்லை. பேச்சில் 'கிட்டு' என்று வருவது எழுத்தில் 'கொண்டு' என்று உடை மாற்றிக்கொண்டு வருகிறது. 'வங்க' என்பது 'வர்கள்' என்று ஆகிறது. நன்கு தெரிந்த உறவினர் திருமணக் கோலத்தில் வந்தால் ஒரு கணம் யாரென்று விழிப்போம் அல்லவா? அப்படித்தான்.

அந்த மாதம் எங்கள் பள்ளியில் தமிழாசிரியர் பகுபத உறுப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தார். சொல்லைப் பிரித்தால் கிடைக்கும் உறுப்புகளை நன்னூல் ஆறாக வகுத்திருக்கிறது: அடிச்சொல்லாகிய பகுதி, இறுதியில் நிற்கும் விகுதி, இரண்டுக்கும் இடையில் காலத்தையோ எதிர்மறையையோ காட்டும் இடைநிலை, இவற்றை இணைக்கும் சந்தி, சாரியை, மாற்றத்தைக் குறிக்கும் விகாரம். உண்மையைச் சொல்வதானால், அன்று எனக்கு அது தேர்வில் தவறாமல் வரும் ஒரு வினா, அவ்வளவுதான். உயிருள்ள சொல்லை எதற்காக அறுத்துப் பார்க்க வேண்டும் என்றுகூட நினைத்ததுண்டு. ஆனால், அம்மா 'வால்' என்று சொன்ன இரவில், கரித்துண்டை எடுத்துத் திண்ணையில் 'வந்தான், வந்தாள், வந்தார்' என்று எழுதிக் கடைசிப் பகுதியை மட்டும் வட்டமிட்டுக் காட்டினேன். இலக்கணப் பெயர் எதையும் சொல்லவில்லை. பெண்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆன் என்றால் ஆண்பிள்ளை, ஆள் என்றால் பெண்பிள்ளை என்று அவர்களே சொன்னார்கள். ஒரு பாட்டி மட்டும், 'எங்க ஊட்டு மாமா வந்தாகன்னுல்ல சொல்லுவோம், அத எழுதக் கூடாதா?' என்று கேட்டார். அதற்கு அன்று என்னிடம் விடை இல்லை. எங்கள் வட்டாரத்து மரியாதை முழுவதும் தங்கியிருக்கும் அந்த 'ஆக' ஏன் பாடநூலுக்குள் வரவில்லை என்பது இன்றும் எனக்குச் சிறு குறைதான்.

அன்றிலிருந்து நீண்ட சொல் வந்தால், அம்மா முதலில் கடைசிப் பக்கம் விரலை வைக்கத் தொடங்கினார். வால் என்ன என்று பார்த்துவிட்டுத்தான் தலைக்கு வருவார். படிக்கும் முறை அதுவன்று என்று நான் திருத்தினேன். அவர் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது நல்லதாயிற்று.

கார்த்திகை மாதத்தின் நடுவில் ஒருநாள் அஞ்சலட்டை ஒன்று வந்தது. நகரத்தில் இருந்த ஓர் அடகுக்கடையிலிருந்து அச்சிட்டு அனுப்பியது. பாட்டி கொடுத்த கல் வைத்த தோட்டை அங்கே வைத்துத்தான் விதைக்கடலை வாங்கியிருந்தோம். அப்பா வேலை தேடிக் கேரளத்துக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். தம்பி அட்டையை வாங்கி, பாடம் ஒப்பிப்பதுபோல் கணீரென்று படித்தான்: 'இம்மாதம் 30ஆம் தேதிக்குள் மீட்கப்பட்ட நகைகள் ஏலத்தில் விடப்படும்.'

அம்மா ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, 'திரும்பப் படி' என்றார். அவன் மீண்டும் அப்படியே படித்தான். மீட்பது என்றால் திருப்புவது என்று நான் உள்ளேயிருந்து விளக்கம் சொன்னேன். எங்கள் ஊரில் நகையைத் திருப்புவதாகத்தான் சொல்வோம். மீட்பது புத்தகச் சொல். 'திருப்பின நகைய எதுக்குடா அவன் ஏலம் விடுறான்? அது நம்ம கையில இருக்கும்ல?' என்றார் அம்மா. 'வேற யாரு நகையோ' என்று தம்பி விளையாடப் போய்விட்டான். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அட்டையை நீட்டுவார் என்று நினைத்தேன். 'நீ சும்மா இரு' என்று சொல்லிவிட்டு, அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

விரல் அந்தச் சொல்லின் கடைசியில் நின்றது. த. அதற்கு முன் டா. அதற்கு முன் ப. 'ப... டா... த.' மறுபடி, 'படாத.' நிமிர்ந்து என்னைப் பார்த்தார். 'வராத, போகாத மாதிரி இருக்கு. என்னமோ செய்யாத நகைன்னு போட்டிருக்கு.'

தலைப்பகுதியை அவர் இன்னும் படித்திருக்கவில்லை. எது செய்யப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் ஏதோ ஒன்று செய்யப்படவில்லை என்பதும், செய்யாவிட்டால் தோடு போய்விடும் என்பதும் அந்த மூன்று எழுத்துகளிலேயே அவருக்கு விளங்கிவிட்டன. மறுநாள் கடலை விற்ற பணத்தில் ஒரு பங்கை முந்தானையில் முடிந்துகொண்டு பேருந்து ஏறினார். தோட்டைத் திருப்ப அந்தப் பணம் போதாது. வட்டியைக் கட்டி அடகுச்சீட்டை மாற்றி எழுதி வாங்கி வந்தார். கையெழுத்துப் போட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை, அன்றும் கைநாட்டுத்தான். கடைக்காரர் பேனாவை நீட்டியபோது கை நடுங்கிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்.

தம்பி ஏன் அப்படிப் படித்தான்? அவன் மோசமான மாணவன் அல்லன். வகுப்பில் வேகமாகப் படிப்பவன் என்று பெயர் வாங்கியவன். அந்த வேகந்தான் காரணம். 'கட்டப்பட்ட கோயில்', 'எழுதப்பட்ட நூல்' என்று பாடநூலில் ஓயாமல் வருவதைப் பார்த்துப் பார்த்து, 'ப்பட்ட' என்பதை அவன் கண் ஒரே கட்டியாக விழுங்கப் பழகியிருந்தது. 'மீட்கப்ப' என்பதைக் கண்டதும் மீதியை மனம் தானாகவே நிரப்பிக்கொண்டது. அவனும் சொல்லின் உறுப்பைப் பயன்படுத்தித்தான் படித்தான். ஆனால் அங்கே இல்லாத உறுப்பை. அம்மாவுக்கு அச்செழுத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. அவருக்கு இருந்தது முப்பத்தாறு ஆண்டுக் காது. வராத மழை, போகாத காய்ச்சல், ஆகாத காரியம் என்று அவர் வாழ்க்கையில் 'ஆத' கேட்காத நாள் உண்டா?

அதன் இலக்கணம் உங்களுக்குத் தெரிந்ததே. மீட்க என்பதுடன் படு என்னும் துணைவினை சேர்ந்து செயப்பாட்டுவினையாகிறது. அதன்மேல் ஆ என்னும் எதிர்மறை இடைநிலை, த் என்னும் எழுத்துப்பேறு, அ என்னும் பெயரெச்ச விகுதி. ஒரு தொடரின் பொருளையே தலைகீழாக்கும் அந்த 'இல்லை' தமிழில் பலநேரம் தனிச்சொல்லாக வெளியே நிற்பதில்லை; வினையின் வயிற்றுக்குள் ஓரெழுத்தாக ஒடுங்கியிருக்கிறது. தேர்வுத்தாளில் ஆ - எதிர்மறை இடைநிலை என்று எழுதும்போது, எனக்கு இன்றும் அந்தத் தோடு நினைவுக்கு வரும்.

பின்னாளில் நானும் தமிழாசிரியை ஆனேன். மொழியியல் நூல்களைப் படித்தபோது, எங்கள் வீட்டு வாசலில் நடந்தது பலரை வருத்திய வினா என்று அறிந்தேன். ஜீன் பெர்கோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1958இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிறு குழந்தைகளிடம் பறவை போன்ற ஒரு கற்பனை உருவத்தைக் காட்டி, அதற்கு 'வக்' என்று பெயர் சொன்னார். பிறகு இரண்டு உருவங்களைக் காட்டி, இப்போது இருப்பவை என்ன என்று கேட்டார். உலகில் எவரும் சொல்லியிராத அந்தச் சொல்லுக்கு, குழந்தைகள் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சரியாகச் சேர்த்துச் சொன்னார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதன்று குழந்தையின் மொழி. உறுப்புகளைப் பிரித்தறிந்து புதிதாகக் கோக்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

படித்த அன்றே என் அக்காள் மகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தேன். அவளுக்கு நான்கு வயது. மரமும் இல்லாத, குடையும் இல்லாத ஒன்றை வரைந்து, 'இது கூமம்' என்றேன். அதன்மேல் ஒரு காக்கையையும் வரைந்து, 'காக்கா எங்கே உட்கார்ந்திருக்கிறது?' என்று கேட்டேன். 'கூமத்து மேல' என்றாள், தயங்காமல். மகர ஈறு கெட்டு, அத்துச் சாரியை தோன்றியிருக்கிறது! நான் பதினாறு வயதில் மனப்பாடம் செய்த விதி அது. அவளுக்கு எழுத்தே தெரியாது.

ஆக, பள்ளிக்கு வரும் குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. எழுத்தறியாத பெரியவரும் அப்படித்தான். இருவரிடமும் உறுப்புகள் காதில் இருக்கின்றன. கண்ணுக்கு அவை வந்து சேரவேண்டும். பெரியவரிடம் இருப்பு அதிகம், கண் மெதுவாகப் பழகும். குழந்தையின் கண் விரைவாகப் பழகும். ஆனால் 'மீட்கப்படாத' போன்ற அலுவலகத் தமிழ் அதன் காதில் இன்னும் விழுந்திருக்காது. எங்கள் வீட்டில் அன்று நடந்ததை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களின் கதை வேறு. அவர்கள் கண் சொல்லைப் பிரிப்பது அவர்களுக்கே தெரியாமல் நடக்கிறது. கேத்லீன் ராஸ்டில் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. ஆங்கிலத்தில் மூலையைக் குறிக்கும் சொல் 'கார்னர்'. அதன் முற்பகுதி 'கார்ன்' என்றால் சோளம். பிற்பகுதி, செய்பவரைக் குறிக்கும் விகுதிபோல் தோன்றும். மூலைக்கும் சோளத்துக்கும் பொருளில் எந்தத் தொடர்பும் இல்லை. இத்தகைய நீண்ட சொல்லைத் திரையில் ஒரு நொடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரமே காட்டி மறைத்தார்கள். பார்த்தோம் என்றே உணர முடியாத நேரம் அது. அடுத்து அதன் முற்பகுதியைக் காட்டியபோது, பெரியவர்கள் அதை வழக்கத்தைவிட விரைவாக அடையாளம் கண்டார்கள். 'டயலாக்' என்பதற்குப் பின் 'டயல்' காட்டினால் அந்த விரைவு இல்லை. ஏனென்றால் மிச்சமிருக்கும் 'ஆக்' ஆங்கிலத்தில் விகுதியன்று. பொருள் வந்து சேருமுன்பே, விகுதியின் சாயல் தெரிந்த இடத்தில் கண் கத்தியை வைத்துவிடுகிறது. பொருந்தாத வெட்டு என்பது பிறகுதான் தெரிகிறது.

நமக்கு இது புதிய செய்தியா? வேங்கை என்றால் ஒரு மரம்; வேம் கை என்று பிரித்தால் வேகின்ற கை. எட்டு என்றால் ஓர் எண். எள் து என்று பிரித்தால் எள்ளை உண் என்று பொருள். பத்தாம் வகுப்பில் பொதுமொழி என்று படித்திருப்பீர்கள். அந்தப் பகுதியைப் பலரும் விளையாட்டாகக் கடந்துவிடுகிறோம். ஒரு சொல்லுக்குள் இன்னொரு வெட்டும் ஒளிந்திருக்கலாம் என்பதை நம் இலக்கணிகள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்று, இந்த ஆய்வைப் படித்தபின்தான் எனக்கு உறைத்தது.

குழந்தைகளிடம் இந்தத் தானியங்கி வெட்டு உடனே தோன்றுவதில்லை என்பது இன்னும் சுவையானது. எலிசபெத் பேயர்ஸ்மன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் படிக்கும் மூன்றாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொருள்தொடர்பு உள்ள இடத்தில்தான் உறுப்பைக் கண்டார்கள். பொன்னாலான என்று பொருள்படும் சொல்லில் பொன் அவர்களுக்குத் தெரிந்தது. 'கார்னர்' போன்ற போலிச் சொற்களில் அவர்கள் ஏமாறவில்லை. பெரியவர்கள் ஏமாறினார்கள். குழந்தை பொருளின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுக்குள் நுழைகிறது. ஆண்டுக்கணக்கில் படித்துப் பழகியவரோ வடிவத்தைக் கண்டதுமே வெட்டிவிடுகிறார். ஆங்கிலச் சொற்களைப்போல் குட்டையாக இல்லாமல், புணர்ச்சியில் முகமே மாறிவிடும் நம் சொற்களில் இது எப்படி நடக்கும் என்பது உங்களில் எவரேனும் ஆராயத்தக்க பொருள். பொன் காசோடு சேர்ந்தால் பொற்காசு. பொன்னின் இறுதி எழுத்தே அங்கு இல்லை. முட்செடி என்னும் சொல்லை முதன்முதலில் பார்த்தபோது அம்மா, 'முட்டுச் செடியா? அது எந்த ஊருச் செடி?' என்று கேட்டார். முள்ளுச்செடி என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொற்களுக்கிடையே இடம் விட்டு எழுதுவது நமக்கு வாய்த்த வசதி. ஓலைச்சுவடிகளில் அது கிடையாது. பெரும்பாலும் புள்ளியும் இராது. எகரமா ஏகாரமா என்பதும், ரகரமா துணைக்காலா என்பதும் படிப்பவரே தீர்மானிக்க வேண்டியவை. எழுத்துகள் எறும்புச் சாரைபோல் ஓடிக்கொண்டேயிருக்கும். உ.வே. சாமிநாதர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது செய்த வேலையில் ஒரு பெரும்பகுதி, எங்கே பிரிப்பது என்னும் இந்த வேலைதான். திண்ணையில் அம்மா விரலால் செய்ததும் அதே இனத்தைச் சேர்ந்தது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இவ்வளவு தெரிந்த நானும் தப்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் உதவித்தொகைப் பட்டியல் ஒன்று பள்ளிக்கு வந்தது. காலை வழிபாட்டுக்கு மணி அடித்துவிட்ட அவசரத்தில் தலைப்பைப் பார்த்தேன். 'வருமானச் சான்று இணைக்கப்பட்ட விண்ணப்பங்கள்' என்றே கண்ணுக்குத் தெரிந்தது. பட்டியலில் பெயர் இருந்த மாணவியிடம், 'உனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, கவலைப்படாதே' என்று சொல்லி அனுப்பினேன். அந்தச் சொல் 'இணைக்கப்படாத' என்பதை மூன்றாம் நாள் அவளே வந்து காட்டினாள். கடைசி நாளுக்கு இன்னும் ஒருநாள் மீதமிருந்தது. அவளும் அவள் அப்பாவும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்தார்கள். மாலை ஐந்து மணிக்குச் சான்று கையில் வந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் தம்பி விழுந்த அதே குழியில், அதே எழுத்தில் விழுந்திருக்கிறேன் என்பதை வீட்டில் சொன்னபோது, அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். 'வால முதல்ல பாருன்னு அப்பவே சொன்னேன்ல?'

அம்மாவுக்கு இப்போது எழுபது வயது. நாளிதழ் படிக்கிறார். மருந்துச்சீட்டில் தமிழில் எழுதியிருந்தால் படிக்கிறார். தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான்; அவன் அனுப்பும் செய்திகளைக் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கித் தாமே படிப்பார். சென்ற மார்கழியில் ஒருநாள் இரவு அவனிடமிருந்து செய்தி வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். 'பொங்கலுக்கு வரமுடியாமல்போகலாம்' என்று எழுதியிருந்தான். என் கண் 'முடியாமல்' என்பதில் நின்றுவிட்டது. மனம் சோர்ந்து, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அம்மா கைப்பேசியை வாங்கிக்கொண்டார். விரல் வழக்கம்போல் கடைசியில் போய் நின்றது.

'லாம்னுதான போட்டிருக்கான்' என்றார். 'முறுக்குக்கு அரிசி ஊறப்போடு.'